வேனில் மின் வின்ச் பொருத்துவோர் கவனத்திற்கு

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி, அரூர்ப் பக்கம் மரவள்ளியும் மஞ்சளும், மேட்டு நிலங்களில் மாவும் கேழ்வரகும் என்று பயிர்கள் பலவாக இருந்தாலும், உழவர்கள் சொல்லும் குறை ஒன்றாகவே இருக்கிறது. வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றுவிடுகின்றனர். அந்தக் குறையைப் போக்கவே பவர் டில்லரும் களையெடுக்கும் இயந்திரமும் ஊருக்கு ஊர் வந்துள்ளன. இவற்றை வைத்திருப்போர் தம் நிலத்தில் உழுவதோடு நில்லாமல், பக்கத்து ஊர்களுக்கும் வாடகைக்கு எடுத்துச் செல்கின்றனர். 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டியோ, பின்கதவு வைத்த வேனோ இதற்குப் பயன்படுகிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 400 கிலோவுக்கு மேல் எடையுள்ள பவர் டில்லரைப் பலகை வைத்து வண்டியில் ஏற்ற நான்கைந்து பேர் வேண்டும். ஆள் இல்லாமல் இயந்திரம் வாங்கிவிட்டு, அந்த இயந்திரத்தை ஏற்றுவதற்கு ஆள் தேடி நிற்கிறோம். இதற்குத் தீர்வாக, வண்டியின் பேட்டரியிலேயே இயங்கும் 12 வோல்ட் மின் வின்ச்சைப் பலர் வாங்கி வேனுக்குள் பொருத்தத் தொடங்கியுள்ளனர்.

வின்ச் நமக்குப் புதிய சொல் அன்று. பழனி மலையில் 1966-ஆம் ஆண்டு முதல் வின்ச் ஓடுகிறது. மேலே உள்ள மோட்டார் பெரிய உருளையில் இரும்பு வடத்தைச் சுற்ற, கீழிருந்து பெட்டி சரிவில் ஏறி வருகிறது. வேனில் பொருத்தும் வின்ச்சும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனால் பழனியில் மோட்டார் தனி அறையில், பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில் இருக்கிறது. நம் வண்டியிலோ அதற்குச் செல்லும் கம்பி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், டீசல் குழாய்க்கு அருகில், சாக்குகளுக்கு நடுவில் போகிறது.

உழவியல் துறையில் இருப்பவனுக்கு மின்கம்பியில் என்ன வேலை என்று கேட்கலாம். பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நிலக்கடலை வயலைப் பார்வையிடச் சென்றபோது, வரப்போரம் நின்றிருந்த வேனிலிருந்து புகை வந்தது. வின்ச் அப்போது ஓடவே இல்லை. வண்டியும் நிறுத்தப்பட்டிருந்தது. தரைத் தகட்டில் போட்ட துளையின் விளிம்பு, வண்டி குலுங்கக் குலுங்கக் கம்பியின் மேலுறையை அறுத்துவிட்டிருந்தது. வண்டிக்காரர் சமயோசிதமாக ஸ்பேனரை எடுத்துப் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். கையில் கொப்புளம் கண்டது. வண்டி தப்பியது. அந்த வண்டிக்கு இன்னும் இரண்டு ஆண்டுத் தவணை பாக்கி இருந்தது. கம்பி இணைத்துக் கொடுத்த பட்டறையில் பியூஸ் வைக்கவில்லையா என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், 'பன்னிரண்டு வோல்ட்தானே சார், என்ன செய்துவிடப் போகிறது என்றார்கள்' என்பது. அந்தப் பதில்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

12 வோல்ட் என்ன செய்யும்?

12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் உலர்ந்த கைகளால் தொட்டால் ஒன்றும் ஆவதில்லை. ஆகவே அதில் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். கிணற்று மோட்டாரின் மின்சாரம் ஆளைத் தாக்கும். பேட்டரி மின்சாரம் அப்படித் தாக்காது, ஆனால் கம்பியைச் சுட்டெரிக்கும். இரண்டும் வெவ்வேறு ஆபத்துகள்.

கிணற்றில் உள்ள 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஒரு கம்பியில் எடுத்துக்கொள்வது சுமார் 8 ஆம்பியர். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அந்த ஒரு குதிரைத்திறனை 12 வோல்ட்டில் பெற வேண்டுமானால், இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 62 ஆம்பியர் வேண்டும். சிறிய வின்ச் மோட்டார்களில் பாதியளவு மின்சாரம் வெப்பமாகவே வீணாகிறது. ஆகவே உண்மையில் 120 ஆம்பியருக்கு மேல் ஓடும். 3,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,360 கிலோ இழுப்பதாக எழுதியிருக்கும் வின்ச், முழுப் பளுவில் 150 ஆம்பியரும் அதற்கு மேலும் எடுப்பதுண்டு. வின்ச்சுடன் வரும் குறிப்பேட்டில் பளுவுக்கு எத்தனை ஆம்பியர் என்ற அட்டவணை இருக்கும். அட்டையோடு அதையும் தூக்கி எறிந்துவிடாமல் முதலில் அதைப் படிக்கவும்.

150 ஆம்பியர் என்பது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஊரில் உள்ள வெல்டிங் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். இரும்பை உருக்கி ஒட்டுவதற்கு அங்கே 100 முதல் 150 ஆம்பியர் போதுமானது. கம்பி உரசி வண்டியின் உடலைத் தொட்டுவிட்டால், நல்ல நிலையில் உள்ள பேட்டரி அதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரே நொடியில் கொடுத்துவிடும். வின்ச் ஓட வேண்டும் என்பதில்லை. சாவி போட்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பேட்டரியும் கம்பியும் இணைந்திருந்தாலே போதும்.

கம்பியின் கனம்

நீர் பாயும் வாய்க்கால் குறுகலாக இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் சேராது. மின்சாரமும் அப்படியே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாய்க்காலில் நீர் நின்றுவிடும். கம்பியில் இழந்த மின்னழுத்தம் முழுவதும் வெப்பமாக மாறும்.

கடையில் எளிதாகக் கிடைப்பது வீட்டு வயரிங்குக்கான 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. 'நாலு ஸ்கொயர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். வீட்டுக்கு அது தடித்த கம்பிதான். அதை வின்ச்சுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்கிடுவோம். அக்கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 4.6 மில்லிஓம். பேட்டரியிலிருந்து வின்ச் 4 மீட்டர் தொலைவில் இருந்தால், போக 4 மீட்டர், வர 4 மீட்டர், ஆக 8 மீட்டர் கம்பி. 100 ஆம்பியர் ஓடும்போது இதில் மட்டும் 3.7 வோல்ட் இழக்கப்படும். 12 வோல்ட்டில் மோட்டாருக்குச் சேர்வது எட்டேகால் வோல்ட்தான். இழந்தது எங்கே போயிற்று? ஒவ்வொரு மீட்டர் கம்பியும் 46 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு 40 வாட் குண்டு பல்பைச் சாக்குகளுக்கு அடியில் மறைத்து வைத்து எரியவிட்டது போன்ற நிலை இது. பி.வி.சி. மேலுறை தாங்கக்கூடியது சாதாரணமாக 70 டிகிரி வெப்பம் வரைதான்.

அதே 8 மீட்டருக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போட்டால், 150 ஆம்பியர் ஓடும்போதும் இழப்பு 0.9 வோல்ட். 35 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.6 வோல்ட். மேற்சொன்ன அளவுள்ள வின்ச்சுக்கு 25-க்குக் குறையாமல் போடுவது நலம். தொலைவு கூடினால் 35 போட வேண்டும். விலை உறுத்தினால் கம்பியைச் சன்னமாக்காமல் தொலைவைக் குறைக்கலாம். வின்ச்சைப் பேட்டரிக்கு அருகில் உள்ள இடத்தில் அமைப்பதற்குக் காசு செலவாகாது.

இந்தக் கனத்தில் எளிதாகக் கிடைப்பது வெல்டிங் கேபிள். சன்னமான இழைகள் பல சேர்ந்தது ஆகையால் வளைந்து கொடுக்கும். குலுக்கலில் முறியாது. ஆனால் வாங்கும்போது ஏமாந்துவிடக்கூடாது. வெல்டிங் கேபிளில் செம்பும் உண்டு, அலுமினியமும் உண்டு. வெளியே பார்க்க ஒன்றாகவே இருக்கும். ஒரே கனத்தில் அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மேலும் அலுமினிய இணைப்புகள் நாளடைவில் தளர்ந்து சூடாகும். நுனியை வெட்டிக் காட்டச் சொல்லி, சிவந்த செம்பு இழைகளைப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கவும்.

கேபிளின் நுனியில் தகுந்த அளவுள்ள செம்பு லக் வைத்து, அதற்குரிய பெரிய கருவியால் அழுத்திப் பிடிக்கச் செய்ய வேண்டும். சுத்தியலால் தட்டி ஒட்டுவதும், இழைகளை முறுக்கிப் போல்ட்டில் சுற்றுவதும் கூடாது. கம்பி முழுதும் நன்றாக இருந்து, ஓர் இணைப்பு மட்டும் தளர்வாக இருந்தால், அந்த ஓர் இடத்தில் தீப்பற்றும்.

பியூஸ்: பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்தில்

பியூஸ் மோட்டாரைக் காப்பதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். அது கம்பியைக் காப்பதற்கு. இந்த வேறுபாடு புரிந்தால் அதை எங்கே வைப்பது என்பதும் புரியும். வின்ச்சுக்கு அருகில் பியூஸ் வைத்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையில் உள்ள 4 மீட்டர் கம்பிக்குக் காவல் இல்லை. பென்னாகரத்து வேனில் மேலுறை அறுந்தது அந்த நடுப்பகுதியில்தான். ஆகவே பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அந்த ஒரு சாண் கம்பியையும் தனி ரப்பர் குழாய்க்குள் செலுத்திவிடுவது நல்லது.

கார் ஆடியோ சாதனங்கள் விற்கும் கடைகளில் 150, 200 ஆம்பியர் அளவுள்ள தட்டைப் பியூஸ்கள், மூடியுள்ள கூட்டுடன் கிடைக்கின்றன. 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிளுக்கு 150, 35-க்கு 200 என்று கொள்ளலாம். வின்ச் குறிப்பேடு இதைவிடக் கூடுதலான பியூஸைக் கேட்டால், பியூஸை மட்டும் மாற்றாமல் கேபிளையும் அதற்கேற்பத் தடிமனாக்க வேண்டும்.

நம் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. மோட்டார் கொட்டகையில் பியூஸ் அடிக்கடி போனால், கட்டையில் நாலு இழைக் கம்பியை முறுக்கிப் போட்டுவிடுவோம். அதன் பலனாக மோட்டார் சுருள் எரிந்து, சுருள் கட்ட எடுத்துச் சென்ற அனுபவம் பலருக்கு உண்டு. மோட்டார் எரிந்தால் சுருள் கட்டிக்கொள்ளலாம். வேனுக்குள் அதைச் செய்தால் எரிவது சுருள் அன்று. பியூஸ் போனால் அதே அளவில் வேறு பியூஸ் போடவும். மீண்டும் போனால் கம்பியில் அல்லது பளுவில் கோளாறு என்று பொருள்.

பியூஸை அடுத்து, கையால் திருகி அணைக்கும் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சு ஒன்று வேண்டும். இதுவும் முழு மின்னோட்டத்தையும் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தோ பக்கக் கதவருகில் நின்றோ எட்டும்படி பொருத்தவும். வின்ச்சில் நாம் அழுத்தும் சிறு பொத்தான் நேராக மோட்டாரை இயக்குவதில்லை. அது சொலினாய்டு என்னும் மின்காந்த சுவிட்சை இயக்குகிறது. பேட்டரி இறங்கிப்போயோ கம்பி மெலிந்தோ மின்னழுத்தம் குறைந்தால், சொலினாய்டின் தொடுமுனைகள் உறுதியாகப் பொருந்தாமல் தட்டித் தட்டிப் பொறி விட்டு, ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது பொத்தானிலிருந்து கையை எடுத்தாலும் வின்ச் நிற்காது. பவர் டில்லர் பலகையைத் தாண்டி வந்துகொண்டே இருக்கும். கட்-ஆஃப் சுவிட்சு எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. வேலை முடிந்ததும் இச்சுவிட்சை அணைத்துவிட்டால், வண்டி ஓடும்போது வின்ச் கம்பியில் மின்சாரமே இராது.

கம்பி செல்லும் வழி

தரைத் தகட்டில் துளையிடும் இடத்தில் ரப்பர் புஷ் இன்றிக் கம்பியை நுழைக்கக்கூடாது. புஷ்ஷின் விலை அற்பம். கூடுமானவரை கேபிளை வண்டிக்கு அடியில், சேசிஸ் சட்டத்தின் உட்புறமாகக் கொண்டுசென்று, அடிக்கு ஒரு கிளிப் வைத்துப் பிடிக்கச் செய்யவும். சைலன்சர் குழாய், டீசல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டக்கூடாது. இருக்கையின் சட்டமோ, கதவின் கீலோ, ஜாக்கியோ அழுத்தும் இடத்தையும் தவிர்க்க வேண்டும்.

திரும்பி வரும் கம்பியை மிச்சப்படுத்த, வின்ச்சின் எதிர் முனையை வண்டியின் உடலிலேயே முடுக்கிவிடுவது பட்டறைகளின் வழக்கம். விளக்குக்கும் ஹாரனுக்கும் அது சரி. 150 ஆம்பியருக்குச் சரியன்று. பெயிண்ட்டும் துருவும் படிந்த தகடுகள் வழியாக இவ்வளவு மின்னோட்டம் திரும்பும்போது, எளிதான பாதை எது கிடைத்தாலும் அதில் பாயும். ஆக்சிலரேட்டர் கேபிள் சூடானதைப் பார்த்தவர்கள் உண்டு. எனவே எதிர் முனைக்கும் அதே கனத்தில் தனிக் கேபிள் போட்டுப் பேட்டரி வரை கொண்டுசெல்லவும்.

இணைக்கும்போது எல்லா வேலையும் முடிந்த பின்னரே பேட்டரிக்குக் கை வைக்க வேண்டும். முதலில் நேர் முனை, கடைசியில் எதிர் முனை. கழற்றும்போது முதலில் எதிர் முனை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. எதிர் முனை வண்டி உடலோடு இணைந்திருக்கும் நேரத்தில், நேர் முனையைத் திருகும் ஸ்பேனர் தகட்டில் பட்டால் பொறி பறக்கும். மின்னேற்றம் நடந்த பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அந்தப் பொறியில் வெடிக்கக்கூடும். வின்ச்சுக்கென்று இரண்டாவது பேட்டரியை மூடிய வேனுக்குள் வைப்போர் இதை மறக்கலாகாது. அதைப் பெட்டியில் வைத்து, அசையாமல் பிணைத்து, வாயு வெளியேற வண்டிக்கு வெளியே ஒரு குழாய் விட வேண்டும்.

வின்ச்சைத் தரைத் தகட்டில் முடுக்குவது பயனற்றது. தகடு பெயர்ந்து வரும். சேசிஸ் சட்டத்தோடு பிணைந்த கனத்த இரும்புத் தகட்டில் பொருத்தவும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. ஆகவே துளையிடும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

இழுக்கும்போது

மின்னோட்டத்தைக் குறைக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நீளமான பலகை. வண்டியின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று கொள்வோம். 5 அடிப் பலகை வைத்து 450 கிலோ எடையை ஏற்ற, உருளும் தடை நீங்கலாக, 225 கிலோ இழுவிசை வேண்டும். 10 அடிப் பலகை வைத்தால் ஏறக்குறைய 112 கிலோ போதும். இழுவிசை குறைந்தால் ஆம்பியரும் குறையும். கேபிள் குளிர்ச்சியாக இருக்கும். இயந்திரமும் பின்னுக்குச் சாயாமல் ஏறும். வடத்தை ஒரு கப்பியில் திருப்பி இரட்டையாக இழுத்தாலும் வின்ச்சின் பளு ஏறத்தாழப் பாதியாகும். வேகமும் பாதியாகும். கவலை இறைத்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்குக் கப்பியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியின் கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஆனால் மூடிய கொட்டகைக்குள் அப்படி ஓட்டக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். என்ஜின் ஓடினாலும் வண்டியின் டைனமோ தருவதைவிட வின்ச் கூடுதலாகவே எடுக்கும். மிச்சம் பேட்டரியிலிருந்து போகிறது. ஆகவே ஒரு நிமிடம் இழுத்தால் சில நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். வின்ச் மோட்டார் கிணற்று மோட்டாரைப் போல மணிக்கணக்கில் ஓடுவதற்குச் செய்யப்பட்டதன்று.

உருளையில் குறைந்தது ஐந்து சுற்று வடம் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும். தோல் கையுறை அணியவும். விறைத்திருக்கும் வடத்தின் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. வடத்தின் மேல் கனத்த ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு வைத்தால், அறுந்தாலும் வீச்சு குறையும். குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். அவர்களை விரட்டிய பின்னரே பொத்தானைத் தொடவும்.

மற்றொன்று. கிணறு தூர் வாரும் காலத்தில், வின்ச் இருக்கிறதே என்று அதில் ஆளை இறக்கி ஏற்றும் எண்ணம் வரலாம். வண்டி வின்ச் சரிவில் பொருளை இழுப்பதற்கு மட்டுமே. ஆளைத் தாங்குவதற்குரிய பிரேக்கு அதில் கிடையாது.

முதல் நாள் சோதனை

பொருத்திய அன்றே, பவர் டில்லரை ஒரு முறை ஏற்றியவுடன் கட்-ஆஃப் சுவிட்சை அணைத்து, ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஓர் இணைப்பு மட்டும் சுட்டால் அது தளர்வாக உள்ளது. கேபிள் முழுதும் சுட்டால் கனம் போதாது. மல்டிமீட்டர் இருந்தால், பளு இழுக்கும்போது வின்ச் முனைகளில் ஒருவரை அளக்கச் சொல்லவும். அளப்பவர் வடத்துக்கு விலகி நிற்க வேண்டும். பத்தரை வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதே நேரத்தில் பேட்டரி முனைகளிலும் அளக்க வேண்டும். அங்கும் குறைவாக இருந்தால் பேட்டரியில் குறை. அங்கே சரியாக இருந்தால் கம்பியில் குறை. ஓட்டுநர் இருக்கையருகே இரண்டு கிலோ உலர் பொடி தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒரு முறையும், மாங்காய்ப் பருவத்துக்கு முன் ஒரு முறையும் வண்டிக்கு அடியில் படுத்துக் கேபிளை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பார்க்கவும். ரப்பர் புஷ் நழுவியிருந்தால் உடனே மாற்றவும். பேட்டரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீர் பேட்டரிக்குள் இறங்காதபடி துடைத்து, உலர்ந்தபின் இறுக்கி, மேலே வாசலின் தடவி வைக்கவும்.